கடைசி ரீலுக்கு நடந்த பஞ்சாயத்து

எதிர்வீட்டு ஷாலினி ஈப்போவில் ஒரு பேரங்காடித் திரையரங்கில் வேலை பார்க்கிறாள். படம் காட்டும் வேலைதான். ஆனால் அவள் படத்தைக் கையால் தொடுவதே இல்லை. கணினியில் நேரத்தைத் தட்டிவிட்டால் அதுவே விளக்கை அணைத்து, அதுவே படத்தைத் தொடங்கி, அதுவே முடித்துவிடுமாம். போன வாரம் வாசலில் நின்றபடி கேட்டாள்.

"அங்கிள், நீங்களும் ஆப்பரேட்டராத்தான் இருந்தீங்களாமே. உங்க காலத்துல படம் தப்பா ஓடுனா என்னா செய்வீங்க?"

"ஒருதரம் ஓடுச்சு. தொரையே எறங்கி வந்தாரு," என்றேன்.

சிரித்துக்கொண்டே காரில் ஏறிப் போய்விட்டாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே துரை, அதாவது தோட்டத்து மேனேஜரே, வந்தார். ஒரு தோட்டமே தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகாமல் நின்றது. ஒரு படத்தின் எந்த ரீல் கடைசி என்பதற்காக, காலையில் வேலையாட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பஞ்சாயத்து நடந்தது. சொன்னால் நம்ப ஆளில்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

எழுபதுகளில் தாப்பாவில் ஒரு நடமாடும் சினிமாக் கம்பெனி இருந்தது. ஒரு வேன், அதன் தலையில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்கள், உள்ளே ஒரு புரொஜெக்டர், ஒரு ஜெனரேட்டர், மடித்துக் கட்டிய வெள்ளைத் துணி. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு அதுதான் தியேட்டர். நான் அதில் ஆப்பரேட்டர். என் பெயர் ஆரோக்கியம். டிரைவர் முனியாண்டி.

முனியாண்டியும் நானும் ஒரே தோட்டத்தில் ஒரே லயத்தில் பிறந்தவர்கள். எங்கள் வீட்டில் ஜெபமாலை, அவர்கள் வீட்டில் மாரியம்மன் படம், நடுவில் ஒரு பலகைச் சுவர். இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஜோடி வெள்ளைச் சப்பாத்துதான் இருந்தது. நான் ஒரு வகுப்பு மேலே, காலைப் பள்ளி. அவன் மாலைப் பள்ளி. மதியம் பஸ் நிற்கும் இடத்தில் நான் கழற்றுவேன், அவன் மாட்டுவான். அவன் கால் சின்னது. முன்னால் செய்தித்தாளைத் திணித்துக்கொள்வான். அந்தத் தாளில் என்ன செய்தி என்று படித்துச் சிரித்துவிட்டுத்தான் பிரிவோம். ஊரில் எங்களை 'ஒத்தச் சப்பாத்து' என்று கூப்பிட்டார்கள்.

பள்ளிக்கூடம் முடிந்து கொஞ்ச காலம் சும்மா இருந்தோம். பிறகு இருவரும் சேர்ந்துதான் அந்தக் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனோம். இருவருக்குமே ஆப்பரேட்டர் வேலைதான் வேண்டும். படத்தைச் சும்மா பார்க்கலாமே! அங்கே சூப்பர்வைசர் தங்கராஜு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"லைசென்ஸ் யாருகிட்ட இருக்கு?"

முனியாண்டி பெருமையாகக் கையைத் தூக்கினான். தோட்டத்து லோரி ஓட்டிப் பழகி அப்போதுதான் எடுத்திருந்தான்.

"அப்ப நீ டிரைவர். அவன் ஆப்பரேட்டர்."

ஒன்று தெரிந்திருந்ததற்காகத் தண்டனை வாங்கிய ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். டிரைவர் படம் பார்க்க முடியாது. ஜெனரேட்டர் போடும் சத்தம் படத்தைக் கெடுக்கும் என்று நீளமாக வயர் இழுத்து எங்காவது சுவருக்குப் பின்னால் வைப்போம். அதைக் காவல் காப்பது டிரைவர் வேலை. படத்தின் சத்தம் நின்றால் வயரில் எங்கோ கரண்டு போய்விட்டது என்று தெரிந்துகொள்ள அவன் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைத்திருந்தோம். அதனால் முனியாண்டி அந்தக் காலத்தில் வந்த படங்கள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

எங்களுக்குள் சண்டை வரவில்லை. சண்டை வந்திருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். பேச்சு குறைந்தது, அவ்வளவுதான். முதலில் 'டா' போனது. பிறகு பெயர் போனது. நான் அவனுக்கு ஆப்பரேட்டர், அவன் எனக்கு டிரைவர். வளைந்து வளைந்து ஏறும் தாப்பா ரோட்டில் இரண்டு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டிக்கு எண்ணெய் இருக்கா, இருக்கு, என்பதோடு முடித்துக்கொண்டோம்.

பிறகு மைக் வந்தது. தோட்டத்துக்குள் நுழையும்போது படத்தின் பெயரை அறிவிக்க டிரைவரின் கையில் ஒரு மைக் உண்டு. ஒருநாள் அறிவித்து முடித்துவிட்டு, அதை அணைக்க மறந்து, தனக்குள்ளேயே, "ஆப்பரேட்டரு பசியாறுனாரா இல்லையான்னு தெரியல," என்று முனகினான். மலையே கேட்டது. முதல் லயத்திலிருந்து ஒரு அம்மாள் தட்டில் தோசையோடு ஓடி வந்தார். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்த ஒன்று மைக்கில் கேட்டால் நடக்கிறது என்பதை முனியாண்டி அன்றைக்குக் கண்டுகொண்டான்.

அதற்குப் பிறகு என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் மைக்கில்தான் சொன்னான். நான் ஒரு முழ தூரத்தில் இருப்பேன். அவன் கண்ணாடிக்கு வெளியே ரோட்டைப் பார்த்தபடி, "ஆப்பரேட்டருக்கு ஓர் அறிவிப்பு. கண்ணாடிய ஏத்துங்க, குளிருது," என்பான். தேயிலைச் சரிவில் கொழுந்தெடுக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். நான் "ம்" என்பேன். அதுவும் மைக்கில் கேட்கும். எனக்குத் தலைவலி என்பதும், என் அம்மா ரிங்லெட் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததும், எனக்குப் பெண் பார்த்து அது தட்டிப்போனதும் மலையில் எல்லோருக்கும் தெரியும். எந்தத் தோட்டத்தில் இறங்கினாலும் யாராவது இஞ்சித் தேநீரோடு, "பொண்ணு போனா போவட்டும் தம்பி," என்பார்கள்.

தங்கராஜுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எனக்குப் படம் ஒட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அறுந்த இடத்தைச் சதுரமாக வெட்டி, ஓரத்தில் இருக்கும் மருந்துப் பூச்சைப் பிளேடால் அளவாகச் சுரண்டி, பசையைத் தொட்டும் தொடாமலும் தடவி, இரண்டு முனையையும் ஓட்டைக்கு ஓட்டை சேர்த்து அழுத்தி, மூச்சை அடக்கிக் காத்திருக்க வேண்டும். மூன்று மாதம் அதைத்தான் செய்தேன். அவர் சொன்ன ஒரே பாராட்டு, "இது அறுந்தா வேற எடத்துலதான் அறும்."

அவர் எப்போதாவது எங்களோடு மலையேறி வந்தால் மடக்கு நாற்காலியைத் திரைக்கு முதுகு காட்டிப் போட்டு, ஜனங்களைப் பார்த்து உட்காருவார். ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கமாட்டார். "படம் அங்க ஓடல தம்பி. இங்கதான் ஓடுது," என்று கூட்டத்தின் முகங்களைக் காட்டுவார். வேர்க்கடலையை உரித்துத் தின்றபடி, யார் அழுகிறார்கள், யார் தூங்குகிறார்கள் என்று கவனித்துக்கொண்டே இருப்பார்.

இன்னொரு கொள்கையும் அவருக்கு இருந்தது. 'வணக்கம்' என்று எழுத்து வராமல் தோட்டத்து ஜனங்கள் எழுந்து போகமாட்டார்கள். பழைய படங்களில் முதலில் அறுந்துபோவது அந்த எழுத்துதான். அதனால் ஒரு பிஸ்கட் டின்னில் உதிரி வணக்கங்களைச் சேர்த்து வைத்திருந்தார். கறுப்பு வெள்ளை வணக்கம், கலர் வணக்கம், ஏதோ பக்திப் படத்திலிருந்து வந்த, குத்துவிளக்கு எரிகிற வணக்கம். எந்தப் படத்துக்கு இல்லையோ அதற்கு ஒன்றை ஒட்டிக்கொள்ள வேண்டியது. நான் ஒட்டிய ஒரு கொலைகாரன் படம் குத்துவிளக்கோடு முடிந்து, ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு பள்ளிக்கூடப் படம் வந்தது. கண்ணன், ராஜு என்று இரண்டு பையன்கள். நான்கு ரீல். முதல் ரீலில் பள்ளிக்கூடம், ஒரே சைக்கிளில் இருவரும் போகிறார்கள். இரண்டாவதில் பள்ளிக்கூடத்தின் கடைசி நாள். கட்டிப்பிடித்து அழுது, சாகிறவரை பிரியமாட்டோம் என்று சத்தியம் செய்கிறார்கள். மூன்றாவதில் ஒருவன் பட்டணம் போகிறான், கடிதம் குறைகிறது. நான்காவதில் இருவரும் மீசை வைத்த பெரிய மனிதர்கள். ஒரு பேருந்து நிலையத்தில், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள்போல், பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள். பஸ் லேட்டாகுமா என்று ஒருவன் கேட்கிறான். மழை வரும்போல் இருக்கிறது என்கிறான் மற்றவன். அவரவர் பஸ் வருகிறது, ஏறிப் போகிறார்கள். அவ்வளவுதான் படம்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்குப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் கிளம்பிவிட்டோம். வழியில் மண் சரிந்து பாதி ரோடு போயிருந்தது. வேனின் பாரத்தைக் குறைக்க ரீல் டின்களைக் கொட்டும் மழையில் கையில் தூக்கிக்கொண்டு சேற்றைத் தாண்டினேன். தாண்டி முடித்துப் பார்த்தால் டின்களின் மேல் ஒட்டியிருந்த நம்பர் தாள்களைக் காணோம். படத்தின் நுனியில் இருந்த நம்பர்களும் பல கை மாறியதில் எப்போதோ வெட்டுப்பட்டிருந்தன.

அன்றைக்குப் போன தோட்டத்தைக் கீழ்த் தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொரு ரீலையும் விளக்கில் பிடித்துப் பார்த்தேன். பெயர் போடுகிற ரீல் முதலாவது, சரி. ஒன்றில் மீசைக்காரர்கள். இன்னொன்றில் பட்டணம். மற்றொன்றில் பையன்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். எந்தத் தமிழ்ப் படமும் கட்டிப்பிடித்துத்தான் முடியும். அதனால் மீசை இரண்டாவது, பட்டணம் மூன்றாவது, கட்டிப்பிடிப்பது நான்காவது என்று முடிவு செய்து, கட்டிப்பிடித்த இடத்தில் ஒரு கலர் வணக்கத்தை ஒட்டினேன்.

படம் ஓடியது. பையன்கள் திடீரென்று மீசையோடு பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒருவன் பட்டணத்தில் கஷ்டப்பட்டான். பிறகு இருவரும் பள்ளிச் சீருடையில் கட்டிப்பிடித்து, இனி பிரியமாட்டோம் என்று அழுதார்கள். வணக்கம். வரிசை தப்பு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கூட்டமோ எழுந்து நின்று கைதட்டியது.

வெளியே போகும்போது ஒரு கிழவர் பக்கத்து ஆளுக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டு போனார். "வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாமுன்னு மறுபடி பள்ளிக்கூடத்துலயே போயிச் சேந்துட்டானுங்க."

"மீசை?"

"எடுத்துட்டா சின்னப் பையன்தான் லா."

மறுநாள் பிரிஞ்சாங்குக்கு மேலே இன்னொரு தோட்டம். அதை மேல் தோட்டம் என்போம். எனக்கு இப்போது சரியான வரிசை தெரியும். கலர் வணக்கத்தைக் கழற்றிப் பேருந்து நிலையத்தின் கடைசியில் ஒட்டினேன். ஒழுங்காக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஓட்டினேன். பஸ் போய் வணக்கம் வந்தது. ஒருவரும் எழவில்லை.

முன்வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்து வந்தார். பாப்பாத்தி. அந்தத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர்களுக்கெல்லாம் அவர் சொன்னால் சொன்னதுதான். அவருடைய தங்கை கீழ்த் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவர். தங்கை காலையிலேயே ஆள் மூலம் கதையைச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"தம்பி, அவனுங்க சேருற ரீல எங்க வச்சிருக்க?"

"அது ரெண்டாவதா ஓடிருச்சுக்கா. பள்ளிக்கூடத்துக் கடைசி நாளு..."

"கீழ்த் தோட்டத்துக்காரங்களுக்கு மட்டும் சேத்து வைப்ப. எங்களுக்குப் பிரிச்சு வைப்ப. நாங்க என்னா பாவம் செஞ்சோம்?"

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. வேனுக்கு முன்னும் பின்னும் கொழுந்துக் கூடைகளை அடுக்கிவிட்டார்கள். நாங்கள் அன்று மருந்துக்கடைப் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டோம்.

விடிந்தபோதுதான் விவகாரம் பெரிதானது. வேன் நின்ற இடம் தொழிற்சாலைக்குப் போகும் ஒரே வழி. வேன் நகராமல் கொழுந்து லோரி போக முடியாது. கூடைகளை எடுக்காமல் வேன் நகர முடியாது. சேருகிற படத்தைக் காட்டாமல் கூடைகளை எடுக்கமாட்டார்கள். பெரட்டில் ஆள் கணக்கு எடுக்க வந்த, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அந்தக் கூடைகளுக்கு நடுவில் நின்று எல்லோரையும் கெஞ்சிப் பார்த்துவிட்டுத் துரைக்கு ஆள் அனுப்பினார். நான் அலுவலகத்திலிருந்து தாப்பாவுக்குப் போன் செய்து தங்கராஜுவைக் கூப்பிட்டேன். அவர் காய்கறி ஏற்ற வந்த ஒரு லோரியில் தொற்றிக்கொண்டு மடக்கு நாற்காலியோடு வந்து இறங்கினார்.

துரை அப்போது ஒரு மலாய்க்காரர். வெள்ளைக்காரர்கள் போன பிறகும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் துரைதான். அவர் தோட்டத் தமிழைப் புத்தகம் வைத்துப் படித்தவர். அந்தப் புத்தகத்தில் கட்டளைகள் மட்டும்தான் இருந்திருக்க வேண்டும்.

"அப்பா ஹால்?" என்று மலாயில் ஆரம்பித்தார், என்ன விஷயம் என்று. பிறகு தமிழுக்கு வந்தார். "கொழுந்து நிக்காது. கொழுந்து வளரும். நீ ஏன் நிக்குது?"

பாப்பாத்தி சொன்னார். கிராணி மலாயில் மாற்றிச் சொன்னார். நான் இடையில் புகுந்து ரீல் நம்பர்களைச் சொன்னேன். துரை குடையை ஊன்றிக்கொண்டு முழுக்கதையையும் கேட்டார். தங்கராஜு வழக்கம்போல எங்களுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

கிராணி நாவல் படிக்கிறவர். "படத்த எடுத்தவரு பிரியிற மாதிரிதான் எடுத்திருக்காரு. அதுதான் அழகு. அத மாத்தக்கூடாதும்மா," என்றார்.

பாப்பாத்தி திரும்பினார். "ஐயா, எம் மூத்தவன் சிங்கப்பூர்ல. அவங்கூட சுத்திக்கிட்டிருந்த முருகையன் மவன் கிள்ளான்ல. ரெண்டும் ஒரே தட்டுல தின்னதுங்க. இப்ப தீவாளிக்கு இவன் வந்தா அவன் வரமாட்டேங்குறான், அவன் வந்தா இவன் வரமாட்டேங்குறான். பிரியிறத பாக்கணுமுன்னா நான் தாப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் போயி உக்காந்துக்குவேனே. இந்தக் குளுருல கம்பளியப் போத்திக்கிட்டு ஒங்க வெள்ளத் துணி முன்னாடி எதுக்கு உக்காரணும்?"

கூடைகளின் மேல் உட்கார்ந்திருந்த பெண்கள் தரையைப் பார்த்தார்கள். அந்த லயத்தில் அந்த வருடம் படிப்பு முடிந்த பிள்ளைகளில் வெளியூர் போகாமல் ஒன்றுகூட மிச்சமில்லை என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

துரை தொண்டையைக் கனைத்தார். "என் பள்ளிக்கூடக் கூட்டாளி ஒண்ணு இருக்கு. கோத்தா பாருல. ராயா பெருநாளுக்கு எனக்குக் கார்டு போடும். பேரு மட்டும் எழுதும். வேற ஒண்ணும் எழுதாது," என்றார். சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று அவருக்கே புரியாததுபோலக் குடையை விரித்தார். மழையில்லை.

அவ்வளவுதான், அணை உடைந்தது. கிராணி தைப்பிங்கில் இருந்த தன் கூட்டாளியைப் பற்றிச் சொன்னார். அவனுக்குப் பல்லாங்குழியில் யாரும் நிகரில்லையாம். வேலையாட்களை மேற்பார்க்கும் ஒரு தண்டல் மலாக்காவில் இருக்கும் ஒருவனைச் சொன்னார். ஒரு பாட்டி, தன்னோடு கப்பலில் வந்த ஒருத்தியின் பெயர் தெய்வானையா தேவானையா என்று கேட்டார். ஆளுக்கொரு தொலைந்த கூட்டாளி வெளியே வந்தார். வெயில் ஏறியது. பனித்துளி காய்ந்தது. கொழுந்து வளர்ந்துகொண்டிருந்தது.

அப்போது வேனின் தலையிலிருந்து குரல் கேட்டது.

"ஆப்பரேட்டருக்கும் பொதுமக்களுக்கும் ஓர் அறிவிப்பு."

எல்லோரும் அண்ணாந்தார்கள். முனியாண்டி வேனுக்குள் உட்கார்ந்து, ஸ்டீரிங்கைப் பார்த்தபடி மைக்கில் பேசிக்கொண்டிருந்தான்.

"அந்த பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் அடையாளம் கண்டுக்கிட்டானுங்க."

"யோவ் டிரைவரு," என்று கத்தினார் பாப்பாத்தி. "நீ படத்தப் பாக்கவேயில்லையே!"

"பாக்கலக்கா. கேட்டேன். பஸ் லேட்டாகுமான்னு அவன் மூணு தடவ கேக்குறான். மொத தடவையே பதில் வந்துருச்சு. அப்பறம் எதுக்குக் கேக்குறான்? பேசுறதுக்கு வேற ஒண்ணும் இல்ல. ஆனா பேசணும். வாயத் தொறந்தா பஸ்ஸுதான் வருது. என்னா செய்வான்?" ஸ்டீரிங்கை ஒரு தட்டுத் தட்டினான். "தெரியாத ஆளுகிட்ட யாரும் அப்படிக் கேக்கமாட்டாங்க. அறிவிப்பு முடிஞ்சது."

மைக்கை அணைத்துவிட்டான். நான் வேனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அந்த மலைரோட்டில் எங்களுக்குள் நடந்த பேச்செல்லாம், எண்ணெய், கண்ணாடி, குளிர், பசியாறல் எல்லாம், ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

கூட்டத்துக்கு அவன் சொன்னது பிடிக்கவில்லை. "கண்டுக்கிட்டவன் பின்ன ஏன் பஸ் ஏறிப் போறான்? இவனுக்கு ஜெனரேட்டர் சத்தத்துல காது போயிருச்சு," என்றார் பாப்பாத்தி.

தங்கராஜு எழுந்து நாற்காலியை மடக்கினார். தீர்ப்பு சொன்னார். "இன்னிக்குப் பொழுது சாஞ்சதும் மறுபடி படம். எந்த ரீலு கடைசின்னு பாப்பாத்தி சொல்லட்டும். இப்ப எல்லாரும் கொழுந்துக்குப் போங்க. தொரை, சரிங்களா?"

"சரி. நீ போ. நீயும் போ. படம் சேரு," என்றார் துரை.

பாப்பாத்தி சொன்ன வரிசையில் ரீல்களை அடுக்கினேன். வணக்கத்தைக் கழற்றி மறுபடி கட்டிப்பிடிப்பதில் ஒட்டினேன். தோட்டம் முழுவதும் வந்திருந்தது. படம் சேரும்வரை நம்பிக்கையில்லை என்று, கொழுந்தை இறக்கிய கூடைகளை மறுபடி வேனைச் சுற்றி அடுக்கியிருந்தார்கள். துரைகூட மனைவியோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சைக்கிள் ரீல் நன்றாக ஓடியது. அடுத்ததை மாட்டினேன். மீசைக்காரர்கள் வந்தார்கள். பனியும் வந்தது.

கேமரன் பனி மெதுவாக வராது. கதவைத் திறந்ததுபோல் வரும். புரொஜெக்டரின் வெளிச்சம் துணியைத் தொடவே இல்லை. கூட்டத்தின் தலைக்கு மேல் வெள்ளைச் சுவராக நின்றுகொண்டது. துணியைக் காணோம், ஆட்களைக் காணோம்.

"தம்பி," என்று தங்கராஜுவின் குரல் எங்கிருந்தோ வந்தது. "ஜனங்க இருக்காங்களா?"

"இருக்கோம்!" என்று வெள்ளைக்குள்ளிருந்து பல குரல்கள்.

"அப்ப ஓட்டு."

பேருந்து நிலையம் சத்தமாக மட்டும் ஓடியது. நான் புரொஜெக்டரை விட்டுவிட்டு வயரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். சுவருக்குப் பின்னால் ஜெனரேட்டர். பக்கத்தில் சின்ன ஸ்பீக்கரின் மேல் சாய்ந்தபடி முனியாண்டி.

"படம் பாக்குறியா?" என்று கேட்டேன்.

அவன் கை தானாகப் பக்கத்தில் மைக்கைத் தேடியது. அங்கே மைக் இல்லை. "ஜெனரேட்டரு?" என்றான்.

"நான் பாத்துக்கிறேன். போ."

வயரைப் பிடித்துக்கொண்டு போனான். போன வேகத்தில் திரும்பினான்.

"ஒண்ணுமே தெரியல. வெள்ளையா இருக்கு."

"பனி."

"இதப் பாக்கத்தான் இத்தன வருசமா வெளக்க அணச்சுக்கிட்டு உக்காந்திருந்தியாடா?"

முதலில் நான்தான் சிரித்தேன். பிறகு அவன். ஜெனரேட்டர் ஆடுகிற ஆட்டத்தில் நாங்களும் ஆடினோம். மூச்சு வாங்கியதும் கேட்டேன். "மூணு தடவ கேக்குறது ராஜுவா, கண்ணனா?"

"கண்ணன். ராஜு ரோசக்காரன், அவன் கேக்கமாட்டான்."

"எனக்கு ராஜுன்னு நெனப்பு."

"நீ என்னாத்தப் பாத்த!"

இப்படிப் பேசிக்கொண்டிருந்ததில் ரீல் முடிந்து, நுனி டப டப என்று அடித்துக்கொண்டு சுற்றியது எங்களுக்குக் கேட்கவில்லை. "ஆப்பரேட்டரு! படம் போயிட்டு வெறுஞ்சக்கரம் சுத்துது!" என்று பாப்பாத்தியின் கத்தல்தான் கேட்டது. ஓடிப்போய்க் கைக்குக் கிடைத்ததை மாட்டினேன். எதை மாட்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது. பையன் குரலும் பெரியவன் குரலும் மாறி மாறி வந்தன. பனிக்குள் ஜனங்கள் படத்தை விட்டுவிட்டுத் தங்களுக்குள் பேச ஆரம்பித்திருந்தார்கள். எல்லா ரீலும் தீர்ந்தபோது பாப்பாத்தி போர்வையோடு புரொஜெக்டர் பக்கம் வந்து நின்றார்.

"சேந்தானுங்களா?"

"சேந்துட்டாங்கக்கா."

"அப்பச் சரி," என்று சொல்லிவிட்டுக் கூடைகளை எடுக்கப் போனார்.

எண்பதுகளில் வீடியோ வந்தது. லயத்தில் ஒருவர் வீட்டில் இருபது பேர் உட்கார்ந்து பார்த்தார்கள், எங்கள் துணியை யாரும் தேடவில்லை. கம்பெனியை மூடினார்கள். நான் ஈப்போவில் ஒரு தியேட்டரில் சேர்ந்து ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். முனியாண்டி லெம்பா பெர்த்தாமில் காய்கறி லோரி ஓட்டினான். சில வருடம் அடிக்கடி வருவான். சில வருடம் கண்ணிலேயே படமாட்டான். இப்போதும் அப்படித்தான். எங்களைப் பற்றி யாரும் படம் எடுத்தால் எந்த ரீலைக் கடைசியாக வைப்பது என்று எனக்குத் தெரியாது.

ஆனால் எனக்குப் பிடித்த ரீல் ஒன்று உண்டு. பனிப் படத்துக்கு மறுநாள் காலையில் நாங்கள் மலையிறங்கியது. தங்கராஜுவும் எங்களோடு வந்தார். முன்சீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவில் அவர். வேன் கிளம்பியதும் முனியாண்டி பேச ஆரம்பித்தான். நானும் ஆரம்பித்தேன். சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வந்தது. அவன் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், எனக்குத் தட்டிப்போன பெண், அவன் அக்கா கல்யாணத்தில் பந்தல் பறந்தது, எல்லாம் தங்கராஜுவின் மூக்குக்கு முன்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய்வந்தது. அவர் கண்ணை மூடிப் பார்த்தார். துண்டால் காதைக் கட்டிப் பார்த்தார். ரிங்லெட் வந்ததும், "நிறுத்து தம்பி," என்றார்.

முன்னால் ஒரு முட்டைக்கோஸ் லோரி கிளம்பத் தயாராக நின்றிருந்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். "தாப்பாவுல பாப்போம். எனக்கு ஒரு தூக்கம் போடணும்," என்று சொல்லிவிட்டுக் கூடைகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். லோரி வளைவில் மறைந்தது.

முனியாண்டி வண்டியை எடுக்கவில்லை. "எதுல விட்டேன்?" என்றான்.

"பந்தல் பறந்துருச்சு," என்றேன்.

"ஆமாடா, பறந்து நேரா எங்க போய் விழுந்துச்சு தெரியுமா?" என்று என்னைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான்.